செடியின் சாப்பாடு: கடிதம்

அன்புள்ள ஐயா,

மாடியில் தொட்டிச் செடிகள் வளர்க்கிறேன். கறிவேப்பிலை மஞ்சளடித்து உதிர்கிறது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன். கடைக்காரர் சொன்ன உரமும் போட்டாயிற்று. செடி எப்படி வளர்கிறது என்பதே தெரியாமல் வளர்க்கிறேனோ என்று தோன்றுகிறது. நான் படித்தது வணிகவியல். ஐம்பது வயதுக்கு மேல் எங்கிருந்து தொடங்குவது?

ரா., ஓசூர்

அன்புள்ள ரா.,

முதலில் உரத்தை நிறுத்துங்கள். உரம்தான் செடிக்குச் சாப்பாடு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி, பிரஸ்ஸல்ஸ்காரர் வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார் (அவர் இறந்தபின் 1648இல்தான் இது அச்சேறியது). சோதனை அருமை, முடிவு பாதிதான் சரி. உலர்ந்த மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை கார்பன். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து இலைத்துளை வழியாக வந்தது. இதற்கு வெளிச்சமும் பச்சை நிறப் பாகமும் தேவை. உரம் தரும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எல்லாம் கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் அவை இல்லாமல் முடியாது.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். வேரில் பச்சையம் கிடையாது. இலை தயாரித்த சர்க்கரை கீழே இறங்கி வர, அதை எரித்துத்தான் வேர் சத்துகளை உள்ளே இழுக்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் ஆக்சிஜன் வேருக்குப் போய்ச் சேராது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். வேர் மூச்சுத் திணறும்போது எத்தனை உரம் கொட்டினாலும் இலை மஞ்சள்தான். நெல் தண்ணீரில் நிற்கவில்லையா என்பீர்கள். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு, மேலிருந்து காற்று இறங்கிவிடும். கறிவேப்பிலைக்கு அந்த வசதி இல்லை. செடியைப் பார்க்காமல் சொல்கிறேன், என் முதல் சந்தேகம் அந்த இரண்டு வேளைத் தண்ணீர்மேல்தான். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படிக்க, தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புத் தாவரவியல் பாடநூல் போதும். இணையத்தில் இலவசம். தாவரச் செயலியல் பகுதியில் தொடங்குங்கள். ஒளிச்சேர்க்கைச் சுழற்சிப் படங்கள் மிரட்டும், முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். கனிம ஊட்டம் என்ற பாடத்தை மட்டும் விடாதீர்கள். தழைச்சத்து குறைந்தால் அடி இலை மஞ்சளாகும், இரும்பு குறைந்தால் கொழுந்து வெளுக்கும் என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது.

அப்புறம், உங்கள் செடியில் எந்த இலை மஞ்சள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?