அகத்தியர்கூடம் ஏறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொதிகை மலையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு (1,868 மீட்டர்) இரண்டு முறை ஏறப் போனதாகப் போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். மொட்டை மாடியில் நின்றால் பொதிகை தெரியும். பாபநாசம், காரையாறு வழியாக நடந்து போய் அகத்தியரைக் கும்பிட்டதாகத் தாத்தா சொல்வார். இப்போதும் அப்படிப் போக முடியுமா?

முடியாது. தாத்தா சொன்னது உண்மைதான். காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி என்று தாமிரபரணி வருகிற திசைக்கு எதிராக ஏறிப் போகிற பழைய பாதை அது. ஆனால் அந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்பகுதி, அந்த வழியாக உச்சிக்கு வனத்துறை யாரையும் அனுப்புவதில்லை. யாரையாவது பிடித்துக் கள்ளத்தனமாகப் போய்விடலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள், தயவுசெய்து போகாதீர்கள். வழக்கு வரும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், யானைத் தடத்தில் வழி தவறினால் தேடி வர ஆளில்லாத காடு அது. அதோடு, நீங்கள் குடிக்கிற தாமிரபரணித் தண்ணீர் அங்கே பூங்குளம் என்ற இடத்தில்தான் ஊறுகிறது. அந்த இடத்தைச் சும்மா விட்டு வைப்பது நமக்கும் நல்லது.

இப்போது இருக்கிற ஒரே வழி கேரளப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் போனக்காடு போய், அங்கிருந்து நடை. கேரள வனத்துறை வருடத்தில் ஒரு முறை, பொங்கலை ஒட்டி ஆரம்பித்துச் சில வாரங்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறது. முன்பதிவு இணையத்தில்தான், திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும், அதனால் டிசம்பர் கடைசியிலிருந்தே அவர்கள் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

எனக்கு 52 வயது, மதுரை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். பெண்களை அங்கே விடமாட்டார்கள் என்கிறார்களே?

விடுவார்கள். அகத்தியர் பிரம்மச்சாரி என்ற நம்பிக்கையைச் சொல்லி நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடை கூடாது என்று சொல்லிவிட்டது. அடுத்த ஜனவரியிலேயே பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் உச்சி வரை ஏறினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் பெண்கள் போகிறார்கள்.

அப்புறம் உங்கள் ஐந்து கிலோமீட்டர். நல்ல பழக்கம், ஆனால் தரையில் நடப்பது இந்த மலைக்குப் போதாது. மூன்று நாள் கணக்கு இது. முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை. பாதிக்கு மேல் காட்டு நிழலும் ஓடைகளுமாக இதமாகத்தான் இருக்கும். பிறகு ஒதுங்க ஒரு மரம் இல்லாத புல்வெளி வரும், அதை உச்சி வெயிலுக்கு முன்னால் கடந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று இரண்டு ஏற்றம். தேரி என்றால் ஏற்றம், மற்றதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இரண்டாம் நாள் அதிருமலையிலிருந்து உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் போல ஏறி, அன்றே முகாமுக்கு இறங்க வேண்டும். மூன்றாம் நாள் போனக்காடு வரை திரும்ப நடை.

பலரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஆட்களை உட்கார வைப்பது இறக்கம்தான். மூட்டு, தொடை, கால் பெருவிரல் மூன்றும் இறங்கும்போதுதான் பேசும். இரண்டு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்குங்கள், முதுகில் நான்கைந்து கிலோ பையோடு, இறங்கும்போது மெதுவாக. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஷூவுக்குள் நகம் முட்டி முட்டி மூன்றாம் நாள் கறுத்துப்போகும். மூட்டு வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள், உடல்தகுதிச் சான்று எப்படியும் வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியில் கயிறு பிடித்து ஏற வேண்டுமாமே, அது எவ்வளவு ஆபத்து?

பொங்காலைப்பாறை என்று ஒரு இடம் வரும், பாறை மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அங்கேயே புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் காற்றுக்கு வளைந்து குள்ளமாகிப் போன சோலை மரங்கள், வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அதையும் தாண்டினால் மொட்டைப் பாறைச் சரிவுகள். அங்கேதான் கயிறு கட்டியிருப்பார்கள். பாறை காய்ந்திருந்தால், நல்ல ஷூ இருந்தால், பதற்றப்படாமல் ஒருவர் பின் ஒருவராக ஏறினால் பெரிய ஆபத்து இல்லை. பாதத்தை முழுதாகப் பாறையில் பதித்து ஏற வேண்டும், கயிறு வெறும் துணைக்கு. கையில் முழு எடையையும் தொங்கவிட்டால் தோள் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும்.

ஈரமாக இருந்தால் கதை வேறு. முதல் முறை போனபோது பொங்காலைப்பாறை தாண்டியதும் மஞ்சு இறங்கிவிட்டது, முன்னால் போகிறவரின் பை கூடத் தெரியவில்லை, கூடவே தூறல். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த காணிக்காரர் (இந்தக் காட்டின் பழங்குடியினரில் ஒருவர்) பாறையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு 'இன்னிக்கு வேண்டாம்' என்றார். அவ்வளவுதான், திரும்பிவிட்டோம். கூட வந்த இருவர் அழாத குறை. எனக்கும் நெஞ்சு கனத்தது, ஒரு வருடம் காத்திருந்து வந்தது அல்லவா. ஆனாலும் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

காணிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987-இல் இந்தக் காட்டுக்கு ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள் நடந்து களைத்துப்போனார்கள், உடன் வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்துதான் பிறகு 'ஜீவனி' மருந்து வந்தது. அதன் வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று ஏற்பாடானது, உலகமே அதை ஒரு முன்மாதிரியாகப் பேசியது. உங்களுக்கு வழி காட்டுகிறவரின் அறிவு எவ்வளவு ஆழமானது என்று தெரிந்துகொண்டு போங்கள், அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள்.

அட்டை கடிக்குமா? சாப்பாடு?

வழியில் ஒரு ஓடைக்கே அட்டையாறு என்று பெயர். ஆனால் திறக்கும் மாதங்கள் வறண்டவை, மழை பெய்தால்தான் தொல்லை. முகாமில் கஞ்சியும் பயறும் கிடைத்தது, அந்தக் குளிருக்கு அமிர்தம். பிளாஸ்டிக், பூஜைப் பொருட்கள், மது எதையும் கொண்டுபோக வேண்டாம், பையைச் சோதிப்பார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏறினால் மேலே என்னதான் இருக்கிறது?

ஒரு பாறை, அதில் சின்ன அகத்தியர் சிலை, நிற்க விடாத காற்று. கோயில், கடை எதுவும் இல்லை. 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் இந்த உச்சியில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவிகளை எல்லாம் இந்தப் பாறை மேல் எப்படிக் கொண்டுவந்தார்களோ என்று அங்கே நின்றபோது மலைத்துப்போனேன்.

இரண்டாவது முறை வானம் தெளிந்திருந்தது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இறங்கிப் போகிற காடு, கிழக்கே அடுக்கடுக்காக நம் மலைகள், அவற்றுக்கு நடுவே காரையாறு அணையின் நீர். அம்பாசமுத்திரம் வாசகரே, உங்கள் ஊர் அந்தத் திசையில்தான் இருக்கிறது. காற்றில் கண்ணீர் வழிய வழிய அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வழிகாட்டி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினேன்.