கல்விக்கடன்: கேள்வி பதில்

சேலம்: கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) கிடைத்திருக்கிறது. 4 லட்சம் கடன் வாங்கினால் தாங்குமா?

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். வருஷத்துக்கு 1 லட்சம், வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. வட்டி மட்டும் தனிவட்டியாக ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. கட்ட ஆரம்பிக்கும் அன்று கடன் 5.4 லட்சம்.

7 வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,960 ரூபாய். 15 வருஷமென்றால் 5,800தான். ஆனால் மொத்தம் கட்டுவது 7 வருஷக் கணக்கின் 7.5 லட்சமில்லை, 10.4 லட்சம். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் (முதல் வருஷம் மாதம் 833, கடைசியில் 3,333) கடன் 4 லட்சத்தோடு நிற்கும். பல வங்கிகள் இதற்காக 1 சதவீதம் வட்டியும் குறைப்பார்கள்.

வேலை கிடைத்தால் 'சிடிசி 3.5 லட்சம்' என்பார்கள், அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்த வருஷச் செலவு. அதைப் பன்னிரண்டால் வகுத்து 29,000 என்று சந்தோஷப்படாதீர்கள். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள்ளேதான். கைக்கு வரும் சம்பளத்தில் அறை வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதைத் தவணையோடு ஒப்பிடுங்கள்.

மதுரை: அடமானம் கேட்பார்களா?

7.5 லட்சம் வரை வேண்டாம். 4 லட்சத்துக்கு மேல் போனால் 5 சதவீதம் உங்கள் கைப்பணம். பெற்றோரும் கூட்டுக் கடனாளி. அப்பாவின் சிபில் (பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்) கெட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

திருப்பூர்: மேனேஜ்மென்ட் கோட்டா டொனேஷனுக்கும் கடன் உண்டா?

கிடையாது. வங்கி நேரே கல்லூரிக் கணக்குக்குத்தான் அனுப்பும். ரசீது இல்லாத பணம் கடனில் வராது. மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்தின் வட்டிச் சலுகையும் இந்தக் கோட்டாவுக்கு இல்லை.

தஞ்சாவூர்: அடமானம் இல்லாமல் தருவார்களா?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

விழுப்புரம்: எப்படியும் தள்ளுபடி வரும், கட்டாமல் இருக்கலாம் என்கிறார்களே?

சொல்கிறவர் உங்கள் தவணையைக் கட்டமாட்டார். 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன். மகனோடு அப்பாவின் சிபிலும் விழும். நாளைக்கு வீட்டுக்கடன், தங்கையின் கல்விக்கடன் எல்லாம் சிக்கும்.

மீண்டும் விழுப்புரம்: 2021-ல் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்யவில்லையா?

செய்தார்கள். அது கூட்டுறவுச் சங்கக் கடன், மாநில அரசின் கைக்குள் இருப்பது. கல்விக்கடனில் பெரும்பங்கு பொதுத்துறை வங்கிகளுடையது. மாநில அரசு தள்ளுபடி என்றால் அந்தப் பணத்தை வங்கிக்குக் கட்டியாக வேண்டும். கட்டிய ரசீது வரும்வரை உங்கள் பெயரில் கடன் இருக்கும்.

கும்பகோணம்: இது வங்கி மேனேஜர் பேச்சு. வேலையே கிடைக்காதவன் எதை வைத்துக் கட்டுவான்?

நியாயமான கோபம். அதற்கு வழியும் இருக்கிறது: வேலையில்லாக் காலத்துக்குத் தவணையை நிறுத்திவைக்க வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இடமுண்டு. பாக்கி விழுவதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாராக்கடன் ஆன பிறகு போனால் பேச்சே வேறு.

தருமபுரி: மகள் 6-ம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கடன் எவ்வளவு கேட்கலாம்?

முதலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். அதற்குப் பிறகு கடன் எதற்கு?

நாகர்கோவில்: சார், அடமானம்…

மதுரை.