சீகேட், டபிள்யூடி பேரை நம்பி பழைய எஸ்எஸ்டி வாங்கலாமா?

கேள்வி: சார், 2011ல வாங்கின லேப்டாப், ஆன் ஆகறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகுது. எஸ்எஸ்டி போடச் சொல்றாங்க. செகண்ட் ஹேண்ட் கடையில ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு சீகேட் மொமன்டஸ் எக்ஸ்டி 500 ஜிபி, "இதுவும் எஸ்எஸ்டி தான்"னு கடைக்காரர் சொல்றாரு. இன்னொண்ணு டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) சிலிக்கான்எட்ஜ் ப்ளூ 64 ஜிபி. எங்க வீட்ல எப்பவும் இந்த ரெண்டு கம்பெனி ஹார்ட் டிஸ்க் தான், ஒரு தடவை கூட கைவிட்டதில்ல. எதை வாங்கலாம்?

பதில்: ரெண்டுமே வேணாங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பழைய கதை வரும், ஆனா அது தெரிஞ்சா இனிமே எந்தக் கடையிலயும் ஏமாற மாட்டீங்க.

முதல்ல அந்த மொமன்டஸ் எக்ஸ்டி. எஸ்எஸ்டின்னா சுத்தற பாகமே இல்லாம, ஃப்ளாஷ்ங்கற மெமரி சிப்லயே டேட்டாவை வைக்கிற டிரைவ். இது எஸ்எஸ்டியே கிடையாது, ஹைபிரிட், அதாவது ஹார்ட் டிஸ்க்கும் ஃப்ளாஷும் கலந்தது. 2010 மே மாசம் சீகேட் கொண்டு வந்தது. உள்ளே நிமிஷத்துக்கு 7200 தடவை (ஆர்பிஎம்) சுத்தற அதே ஹார்ட் டிஸ்க் தட்டு, அதைப் படிக்கிற அதே ஹெட், போர்டுல மட்டும் 4 ஜிபி ஃப்ளாஷ் சேர்த்திருப்பாங்க. நீங்க அடிக்கடி படிக்கிற டேட்டா எதுன்னு டிரைவ் தானாவே பாத்து வச்சு அதோட காப்பியை ஃப்ளாஷ்ல போட்டுக்கும், அதனால ரெண்டாவது மூணாவது தடவை ஆன் பண்ணும்போது விண்டோஸ் சீக்கிரம் வரும். ஆனா 500 ஜிபிக்கு 4 ஜிபின்னா ஒரு சதவீதம் கூட இல்ல. புதுசா எழுதறது எல்லாம் தட்டுக்குத் தான் போகும், கீழ போட்டா ஹெட் அடிபடற பயமும் அப்படியே இருக்கும். கடையிலயே செக் பண்ணிடலாம்: பவர் குடுத்து காதுகிட்ட வையுங்க, சுத்தற சத்தம் கேக்கும். இல்லன்னா கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல பாருங்க, ரொட்டேஷன் ரேட்னு ஒரு இடத்துல 7200னு வந்தா அது ஹார்ட் டிஸ்க் குடும்பம் தான், யார் என்ன சொன்னாலும் சரி.

அந்தக் காலத்துக்கு அது நல்ல ஐடியா தான், அதை மறுக்க மாட்டேன். ஃப்ளாஷ் யானை விலை வித்த நேரம் அது. நீங்க கேட்ட சிலிக்கான்எட்ஜ் ப்ளூ 2010 மார்ச்ல வந்தப்போ 256 ஜிபி மாடல் 999 டாலர், 64 ஜிபி 279 டாலர். ஒரு ஜிபிக்கு கிட்டத்தட்ட 4 டாலர்! கொஞ்சூண்டு ஃப்ளாஷை தட்டோட சேர்க்கிறது புத்திசாலித்தனம் தான். ஆனா அது 2010க்கான புத்திசாலித்தனம்.

இப்போ உங்க கேள்வியோட உயிர் எங்க இருக்குன்னா, "ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்துச்சு, அதனால எஸ்எஸ்டியும் நல்லா இருக்கும்"னு நினைக்கிறீங்க பாருங்க, அங்க தான். ஹார்ட் டிஸ்க்ல டபிள்யூடி, சீகேட்டோட திறமை ஹெட், தட்டு, மோட்டார், அதை மயிரிழை இடைவெளியில ஓட வைக்கிறது. எஸ்எஸ்டில இது எதுவுமே இல்ல. அங்க ஃப்ளாஷ் சிப், அதை நடத்தற கன்ட்ரோலர் சிப், அதுக்குள்ள ஓடற ஃபர்ம்வேர்ங்கற புரோகிராம், இந்த மூணு தான் எல்லாம். பேர் பெத்த டிபன் கடை ஒண்ணு ஸ்வீட்டும் விக்கலாம்னு லட்டை வெளியில வாங்கி தன் டப்பால போட்டுக் குடுத்தா, இட்லிய நம்பி லட்டு வாங்க முடியுமா? டபிள்யூடி 2009 மார்ச்ல சிலிக்கான்சிஸ்டம்ஸ்ங்கற கம்பெனிய 65 மில்லியன் டாலருக்கு வாங்கித் தான் இந்தப் பக்கமே வந்துச்சு. ஒரு வருஷத்துல சிலிக்கான்எட்ஜ் ப்ளூ. ஆனா ஃப்ளாஷ் வெளியில இருந்து, கன்ட்ரோலர் ஜேமைக்ரான்ங்கற வேற கம்பெனியோடது. அப்போ சாம்சங், தோஷிபா, இன்டெல் எல்லாம் ஃப்ளாஷை தானே செஞ்சவங்க, போட்டியாளர்கிட்டயே சரக்கு வாங்கி அவங்களை விட கம்மியா எப்படி விக்க முடியும்? அதனால தான் சீகேட்டோட முதல் எஸ்எஸ்டி பல்சார் 2009 டிசம்பர்ல சர்வர் பக்கம் மட்டும் போச்சு, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 600 எஸ்எஸ்டின்னு கடைக்கு வந்தது 2013ல, அதுலயும் ஃப்ளாஷ் தோஷிபாவோடது. டபிள்யூடி 2016 மே மாசம் சான்டிஸ்க்கை வாங்கி முடிச்சப்புறம் தான் ஃப்ளாஷ் கைக்குள்ள வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர்ல டபிள்யூடி ப்ளூ எஸ்எஸ்டி வந்துச்சு. 2025 பிப்ரவரில சான்டிஸ்க் மறுபடி தனியாப் பிரிஞ்சப்போ ஃப்ளாஷ் தொழிலும் அதோடயே போயிடுச்சு. பேர் ஒண்ணு தான், உள்ள இருக்கிறது காலத்துக்குக் காலம் வேற.

அதனால அந்த 64 ஜிபி எஸ்எஸ்டி அசல் எஸ்எஸ்டி தான், ஆனா வேணாம். விண்டோஸ் காட்டும்போது 59 ஜிபி சொச்சம் தான் வரும், விண்டோஸ் 10 போட்டு ரெண்டு அப்டேட் வந்தாலே மூச்சு முட்டும். பல வருஷம் எழுதி அழிச்ச ஃப்ளாஷ் வேற. ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி சில நேரம் டக் டக்னு சத்தம் குடுக்கும், எஸ்எஸ்டி பல தடவை ஒரு வார்த்தை சொல்லாம போயிடும், நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு பயாஸ்லயே (லேப்டாப் ஆன் ஆனதும் முதல்ல ஓடற செட்டிங்ஸ் புரோகிராம்) காட்டாது. எங்கிட்ட அப்படி வந்தவங்க முகத்தைப் பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

புதுசா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 240 அல்லது 500 ஜிபி வாங்குங்க, வாரன்ட்டி எத்தனை வருஷம்னு கேட்டுக்கோங்க. எம்.2ன்னு பட்டை மாதிரி வர்ற எஸ்எஸ்டியை வாங்கிடாதீங்க, உங்க லேப்டாப்ல அதுக்கு இடம் இருக்காது. சாட்டா 2ங்கற பழைய இணைப்பு இருக்கிற போர்டா இருந்து பாதி ஸ்பீடு தான் வரும்னு யாராவது பயமுறுத்தினா கண்டுக்காதீங்க, லேப்டாப் திணறறதுக்குக் காரணம் தட்டுல டேட்டாவைத் தேடி ஹெட் அலையறது தான், அந்த அலைச்சலே எஸ்எஸ்டில கிடையாது. பயாஸ்ல ஏஹெச்சிஐ மோடு (சாட்டா டிரைவோட லேப்டாப் பேசற முறை) இருக்கான்னு பாத்துட்டு விண்டோஸை புதுசாவே போடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கை தூக்கிப் போடாதீங்க, ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு வையுங்க, போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் புதுசுல சரியா வந்துடுச்சான்னு ஒவ்வொண்ணா திறந்து பாக்கற வரைக்கும் அதுல எதையும் அழிக்காதீங்க.