பனை விதையை மறுபடி தோண்டாதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கத்துக் குளக்கரையில் உங்கள் குழு புரட்டாசியில் ஊன்றிய பனை விதைகள் மார்கழி வரை இலை விடவில்லை என்றால், செத்துவிட்டன என்று அர்த்தமில்லை. புதிதாக ஊன்ற வேண்டாம்.

பனை முதலில் கீழே போகும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிற கிழங்கு அந்த நிலைதான். குருத்து வெளியே எட்டிப்பார்க்க இன்னும் சில மாதம் பிடிக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? ஓரத்தில் ஒரே ஒரு விதையருகே மண்ணை மெதுவாக விலக்குங்கள். கொட்டையிலிருந்து தண்டு போல ஒன்று இறங்கியிருந்தால் சரி, மூடிவிடுங்கள். எதுவும் இறங்காமல், வெட்டினால் உள்ளே காய்ந்தோ அழுகியோ இருந்தால் அது கெட்டுப்போன விதை.

அப்புறம், தை பிறந்தால் கிழங்குக்காகப் பிடுங்க ஆள் வரும். எங்கள் கரையில் பாதி அப்படித்தான் போயிற்று.