லயத்துப் பூச்சி, தோட்டத்துப் பூச்சி: ஞாயிறு பின்னேரக் கேள்வி பதில்

முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன். இப்போது இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் கொஞ்சம் மரக்கறி, இரண்டு தேன் பெட்டி, அவ்வளவுதான். குழுவில் பிள்ளைகள் கேட்டதால் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். வீடு, வாசல், வீட்டுத் தோட்டம், இவற்றில் வரும் பூச்சி பற்றி, உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் கேளுங்கள். ஈபிஎப் (சேமலாப நிதி) பணம் எப்போது வரும் என்று கேட்க வேண்டாம், என்னுடையதே இழுபட்டுத்தான் வந்தது.

மஸ்கெலியா: ஐயா, ராத்திரி குசினியில லைட் போட்டா கரப்பான் நாலா பக்கமும் ஓடுது. ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு வாரத்துல திரும்ப வந்துடுது.

சின்னதாக, பழுப்பாக, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கிறதா? அப்படியானால் அது வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற சாதி. பொட்டைக் கரப்பான் முட்டைப் பையைப் பின்னால் தூக்கிக்கொண்டே திரியும், ஒரு பைக்குள் முப்பது நாற்பது முட்டை. ஸ்ப்ரே தாயைக் கொல்லும், பைக்குள் இருப்பதைத் தொடாது. அதுதான் உங்கள் இரண்டு வாரக் கணக்கு.

பாமசியில் போரிக் பவுடர் வாங்குங்கள். கோதுமை மா, சீனி, கொஞ்சம் டின்பால் சேர்த்துப் பிசைந்து கடலை அளவு உருட்டி, அடுப்புக்குப் பின்னால், கேஸ் சிலிண்டருக்கு அடியில், அலுமாரி இடுக்கில் வையுங்கள். ஈரம் படக்கூடாது. தவழுகிற பிள்ளை இருந்தால் கை எட்டும் இடம் எதிலும் வைக்கக்கூடாது. பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்துவிடாதீர்கள், அந்த வாடைக்கு இரையைத் தொடாமல் போய்விடும்.

லிந்துலை: லயத்துல, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்கிற தோட்டத்து வீட்டுல, இருக்கோம். எலித் தொல்லை தாங்கல. கடையில குடுத்த மருந்தை வெச்சோம், ரெண்டு செத்துச்சு, இப்ப பத்து வருது. எங்க காம்பிராவுல ஒரு ஓட்டை கூட இல்ல.

உங்கள் காம்பிராவில் ஓட்டை இல்லை, சரி. சுவர் கூரை வரைக்கும் போகிறதா என்று மேலே பாருங்கள். பழைய லயங்கள் பலவற்றில் சுவர் பாதியில் நின்றுவிடும், மேலே தகரம் ஒன்றாக ஓடும். எலிக்கு அது பெரிய ரோட்டு. முதல் காம்பிராவில் சோறு, ஆறாவது காம்பிராவில் தூக்கம், நடுவில் உங்கள் அரிசிப் பானை. லயத்தில் எலி, கரப்பான், மூட்டைப்பூச்சி எதற்கும் ஒரு வீட்டுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. ஆறு வீடும் ஒரே கிழமையில் செய்ய வேண்டும்.

பொறிக்கூடு வையுங்கள், ஆறு வீட்டிலும் ஒரே இரவில். முதல் இரண்டு நாள் கூட்டைத் திறந்தபடி இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள், மூன்றாம் நாள் பூட்டைப் போடுங்கள். வளர்ந்த எலிக்கு அரை அங்குல ஓட்டை போதும், சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டையே போதும். கம்பி வலையும் சீமெந்தும் வைத்து அடையுங்கள், துணியைத் திணிக்காதீர்கள்.

கடையில் கொடுத்த மருந்து என்கிறீர்களே, பெயர் என்ன? கட்டியா, கறுப்புப் பொடியா? இரத்தம் உறையவிடாமல் செய்கிற கட்டி மருந்து என்றால் எலி சாவதற்கு நாலைந்து நாள் ஆகும், பிள்ளை தின்றால் விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. கறுப்புப் பொடி சிங்க் பொஸ்பைட் என்றால் வயிற்றுக்குள் போய் வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்து இல்லை. பெயர் தெரியாத பொட்டலத்தை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் பட்ட பீலித் தண்ணீரில், அதாவது ஊற்றுக் குழாய்த் தண்ணீரில், புண்ணோடு நிற்பதும் ஆபத்து, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

ஹட்டன்: ஐயா கரப்பானுக்கு என்ன செய்யலாம்?

மேலே மஸ்கெலியாவுக்கு எழுதியிருக்கிறேன்.

ராகலை: கோவா (முட்டைக்கோஸ்) போட்டிருக்கேன், இலையெல்லாம் சல்லடை. சின்னப் பச்சைப் புழு. மூணு விதமான மருந்து அடிச்சாச்சு, கேக்கவே இல்ல.

தொட்டுப் பாருங்கள். துள்ளிப் பின்னால் நகர்ந்து நூலில் தொங்கினால் அது வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு. மருந்துக்குப் பழகிப் போவதில் உலகத்திலேயே பெயர் வாங்கியது. மூன்று மருந்து அடித்தும் கேட்கவில்லை என்றால் நாலாவதும் கேட்காது. அடிக்க அடிக்க, அதைத் தின்கிற குட்டிக் குளவிகள்தான் சாகும்.

தேயிலைக்காரர்களுக்கு இது பழைய பாடம். தேயிலையில் இலையைச் சுருட்டித் தின்கிற டோர்ட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் பெரிய தலைவலி. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்னும். டோர்ட்ரிக்ஸ் அடங்கிப்போனது. பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்கு என்று டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் அந்தக் குளவி செத்தது. இருபது வருஷம் வாய் மூடிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் மலை மலையாகக் கிளம்பியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயதான கணக்கப்பிள்ளைமார் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

உங்களுக்கு: பீடி என்று கேட்டால் கடைக்காரர் எரிச்சுப் பிடிக்கிற பீடியைத் தருவார், அதனால் பீ.ரீ. (BT), புழுவைக் கொல்லும் பக்டீரியா மருந்து என்று விளக்கமாகக் கேளுங்கள். புழு சின்னதாக இருக்கும்போது, வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வெயிலில் அது கெட்டுவிடும். வெட்டி முடித்த கோவாவின் அடிக்கட்டையை அப்படியே விடாதீர்கள், அடுத்த பட்டாளம் அதில்தான் வளர்கிறது.

பதுளை: அட்டைக்கு?

உப்பு, சவர்க்காரம், நீளக் காலுறை. அது பூச்சியும் இல்லை, வீட்டுக்குள் வருவதும் இல்லை. அடுத்தது.

கொட்டகலை: வீட்டுக்கு மேல இருக்கிற சவுக்கு மரத்துல குளவிக் கூடு. பிள்ளைங்க அது வழியாத்தான் பள்ளிக்கூடம் போறாங்க. மண்ணெண்ணெய் பந்தம் கட்டி எரிச்சிடலாமான்னு அப்பா கேக்குறார்.

அப்பாவைப் பந்தத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முதலில் கூடு எப்படி இருக்கிறது? மண் நிறத்தில் பெரிய பந்து மாதிரி மூடி, ஓரமாக ஒரு வாசல் இருந்தால் அதுதான் குளவி. மூடாமல், அரை நிலா மாதிரி ஒற்றை அடை தொங்கி, மேலே கறுப்பாக மொய்த்து அலை அலையாக அசைந்தால் அது பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. தோட்டத்தில் நாம் இரண்டையும் குளவி என்றுதான் சொல்கிறோம், பேப்பர்காரரும் அப்படியே எழுதுகிறார். கொடுக்கு தோலிலேயே நின்றால் தேனீ. குளவி கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

பெருந்தேனீ பூக்காலம் பார்த்து வந்து, முடிந்ததும் தானே இடம் மாறிப் போகும். அதுவரைக்கும் பிள்ளைகள் வேறு பாதையால் போகட்டும். எரித்தால் பாதி சாகும், மிச்சம் விடிந்ததும் அந்த மரத்தைச் சுற்றியே நிற்கும், முதலில் வருகிறவனைத்தான் பிடிக்கும். தேனீ கொட்டும்போது விடுகிற வாசம் வாழைப்பழ வாசம் மாதிரி இருக்கும். ஒன்று கொட்டினால் அந்த வாசத்துக்கு மற்றதெல்லாம் வரும்.

புஸ்ஸல்லாவ: மன்னிக்கணும் ஐயா. எங்க பெரியப்பா அஞ்சு கூடு எரிச்சிருக்கார், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. தேன் பெட்டி வெச்சிருக்கிறவருக்குக் கூட்டு மேல பாசம் இருக்கத்தானே செய்யும்.

பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. உங்கள் பெரியப்பாவுக்கு அதிர்ஷ்டமும் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் பந்தம் நழுவிக் காய்ந்த மானாப் புல்லில் விழுந்து ஒரு மலைப்பக்கமே எரிந்தது. கூடு மட்டும் மிஞ்சியது.

புஸ்ஸல்லாவ: அது கவனமில்லாம செஞ்சது. ராத்திரியில செஞ்சா பறக்காது.

நிலா வெளிச்சம் இருந்தால் பெருந்தேனீ இரவிலும் பறக்கும், இருட்டிலும் வெளிச்சத்தைப் பார்த்து வரும், பந்தம் பிடித்தவன் கைக்குத்தான். இரவில் கூடு எடுக்கத் தெரிந்தவர்கள் சிவப்பு வெளிச்சம்தான் பிடிப்பார்கள், தேனீக் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. உடம்பு மூடும் உடுப்பும் புகையும் வைத்திருப்பார்கள். உங்கள் பெரியப்பா எதை வைத்திருந்தார்?

புஸ்ஸல்லாவ: சாக்கு.

சரி.

நானுஓயா: ஐயா, நான் ஒண்ணு சொல்றேன். எங்கம்மா கொழுந்து எடுக்கும்போது பருந்து ஒண்ணு வந்து குளவிக் கூட்டைக் கலைச்சு, பன்னிரண்டு பேருக்குக் கொட்டுச்சு. அம்மா மூணு நாள் ஆஸ்பத்திரியில. அந்தக் கூடு இருக்குதுன்னு ஒரு மாசமா காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பொறுத்திருங்கன்னு சொல்றது வேலை செய்யாதவங்களுக்கு லேசு.

இதற்கு நான் சமாதானம் சொல்ல முடியாது, மகள். கொட்டகலைக்காரரின் வீட்டு மரத்தை வைத்துப் பேசினேன். ஆள் நின்று வேலை செய்கிற மலையில் கூடு இருந்தால் பொறுத்திருக்கச் சொல்வது பிழை. அந்த இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டு வேறு மலைக்கு ஆளை அனுப்ப வேண்டும், தெரிந்தவர்களைக் கொண்டு இரவில் அகற்ற வேண்டும். என் காலத்தில் நானும் ஒரு தடவை “நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லியிருக்கிறேன். அந்த நாளை நல்லபடியாகப் போனது, அவ்வளவுதான்.

எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் கிளம்பினால் கையை வீசாதீர்கள், அடித்து நசுக்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவு பூட்டுகிற இடத்துக்குள் போங்கள். தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், மேலேயே காத்து நிற்கும். கொடுக்கை நகத்தாலோ கத்தி முதுகாலோ எதனாலும் சரி, உடனே எடுங்கள், தாமதம்தான் விஷத்தைக் கூட்டும். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் 1990 அம்பியுலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காதீர்கள். நிறையக் கொட்டியிருந்தால் ஆள் நல்லாயிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சிறுநீரகத்துக்கு வருகிற கெடுதி பிறகுதான் தெரியும்.

நுவரெலியா: மூட்டைப்பூச்சி. மெத்தையைக் கறுப்புப் பொலித்தீன்ல சுத்தி வெயில்ல வெக்கலாமா?

எந்த வெயிலில்? ஐம்பது பாகைக்கு மேல் சூடு மெத்தையின் நடு வரைக்கும் போனால்தான் சாகும். கீழே மாத்தளையில் முயற்சி செய்யலாம், உங்கள் ஊரில் பூச்சிக்குக் குளிர் காய்ந்த மாதிரி இருக்கும். துணியைக் கொதி நீரில் போடுங்கள், கட்டில் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை. மெத்தையில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தோட்டத்து மருந்தையும் தெளிக்காதீர்கள், அதன் மேல்தான் எட்டு மணித்தியாலம் மூச்சு விடப் போகிறீர்கள்.

நோர்வூட்: காட்டுப்பன்றி கிழங்கெல்லாம் கிளறுது. சுருக்குக் கம்பி வெக்கலாமா?

வைக்காதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உயிரோடு சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. பன்றிக்கு வைப்பது நாய்க்கும் சிறுத்தைக்கும்தான் விழுகிறது, வழக்கும் உங்கள் மேல்தான். வீட்டுக் கரண்டைக் கம்பியில் விடுவதைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், அதில் மனிதர் செத்திருக்கிறார்கள். பழைய தகரத்தை நிலத்துக்குள் ஒரு அடி புதைத்துச் சுற்றி அடியுங்கள். பன்றி பெரும்பாலும் கிளறித்தான் நுழையும்.

கினிகத்தேனை: கரப்பானுக்கு ஏதாவது இயற்கை முறை இருக்கா ஐயா?

மேலே. மஸ்கெலியா. தயவு செய்து.

பண்டாரவளை: கரப்பானுக்கு பேலீவ்ஸ் வெச்சா போகுமாமே?

கறிக்குப் போடுங்கள்.

மடுல்சீமை: ஐயா, அப்பா வெச்சிட்டுப் போன சோடா போத்தல்ல வெள்ளையா ஒரு மருந்து இருக்கு. லேபல் இல்ல. எறும்புக்கு அடிக்கலாமா?

அடிக்க வேண்டாம், முகர வேண்டாம். பீலியிலோ வடிகானிலோ ஊற்றவும் வேண்டாம், கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சோடா போத்தலில் மருந்து ஊற்றி வைத்து, தாகத்துக்குக் குடித்த பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். போத்தலில் “விஷம்” என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நாளைக்குக் கமநல சேவை நிலையத்தில் எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். இப்போதே போய், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டிவிட்டு வந்து எழுதுங்கள். அதுவரைக்கும் நான் எழும்ப மாட்டேன்.

மடுல்சீமை: பூட்டியாச்சு ஐயா. இஸ்தோப்புல அப்பாவோட தகரப் பெட்டிக்குள்ள. சாவி என்கிட்ட.

நல்லது. எறும்புக்கு அடுத்த வாரம் பார்ப்போம். தேத்தண்ணி ஆறிவிட்டது, போகிறேன்.