கடதாசிப் பையைக் கிழித்துப் பாருங்கள்

வீட்டில் செய்யும் எண்ணெய், சவர்க்காரம், மூலிகைத் தூள் இவற்றை எதில் அடைத்தால் குப்பை குறையும் என்று திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் சில. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, முருங்கையிலைத் தூளைப் பழுப்புக் கடதாசிப் பையில் விற்கிறேன். ‘உக்கும் பை’ என்று சொல்லித்தான் தந்தார்கள். வாங்கிய ஒருவர் அதை எருக்குழியில் போட்டுப் பல மாதமாகியும் உக்கவில்லை என்று படம் அனுப்பியிருக்கிறார். (தம்பலகாமம்)

அந்தப் பையொன்றை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் கடதாசியை விரலால் உரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளி மினுக்கத்துடனோ கண்ணாடிபோலவோ ஒரு மெல்லிய தாள் முழுசாக மிஞ்சும். அது பிளாஸ்டிக். எருக்குழியில் கிடப்பதும் அதுதான். கடதாசியோடு ஒட்டிப்போனதால் பழைய கடதாசி எடுப்பவருக்கும் அது வேண்டாம், பிளாஸ்டிக் எடுப்பவருக்கும் வேண்டாம்.

ஆனால் அந்த மெல்லிய தாளைத் திட்டவும் மனம் வரவில்லை. இலைத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வெளிச்சம் பட்டால் பச்சை வெளிறும். வெறும் கடதாசிப் பையில் வைத்தால் கார்த்திகை மழைக்குள் கட்டி பட்டுவிடும். கெட்டுப்போன தூளும் குப்பைதானே? இலை ஆய்ந்து, நிழலில் உலர்த்தி, இடித்த உழைப்பும் அதோடு போகிறது.

ஊருக்குள் விற்பதற்கு வாயகன்ற கண்ணாடிப் போத்தல் வையுங்கள். வெறும் போத்தலைத் திருப்பித் தருபவருக்கு அடுத்த முறை விலையைக் குறையுங்கள். கொழும்புக்குத் தபாலில் அனுப்புவதற்குக் கடதாசி வேடம் போடாத, ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பை போதும். ‘உக்கும்’ என்ற சொல்லை லேபலிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயில் செய்யும் சவர்க்காரத்தை அலுமினியப் பேணியில் வைத்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். பேணியின் அடி கறுத்துப் புள்ளி விழுகிறது. தகரப் பேணிக்கு மாறலாமா? (உப்புவெளி)

மாற வேண்டாம். கையால் செய்யும் சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். ஈரச் சவர்க்காரம் அலுமினியத்தை அரிப்பது அதனால்தான். தகரத்துக்கோ நம் கடற்காற்றே பகை. ஒருமுறை உதட்டுப் பூச்சுக்கென்று இருநூறு தகரப் பேணி வாங்கி, கடலைப் பார்த்த அறையில் அடுக்கி வைத்தேன். மாரி முடிந்து பார்த்தபோது ஒவ்வொரு மூடியின் விளிம்பிலும் செம்மண் நிறத்தில் ஒரு வளையம். எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பூச்சுக்குத்தான் அலுமினியம் பொருந்தும்.

சவர்க்காரத்துக்கு எதற்குப் பேணி? நாலு முதல் ஆறு வாரம் நன்றாகக் காயவிட்டால் ஒரு கடதாசிச் சுற்று போதும். அழகு வேண்டுமென்றால் பனையோலை இருக்கிறது. பனங்கட்டி, ஓலையில் முடைந்த குட்டானில் வந்தபோது உறை என்று யாரும் தனியாக எதையும் நினைக்கவில்லை. அதே பின்னலில் சவர்க்காரம் அளவுக்குச் சிறு பெட்டி முடைந்து தரச் சொல்லுங்கள். ஓலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். காற்றையும் ஈரத்தையும் தடுக்காத பெட்டி என்பதால் தூளையோ குளிசையையோ அதில் நேரடியாகப் போடாதீர்கள்.

நெல்லித் தூள் அடைத்து விழுங்கும் கூடு (கப்சூல்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அது ஹலாலா என்றும் கேட்கிறார்கள். (கிண்ணியா)

சாதாரணக் கூடு ஜெலட்டின். பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஈரம் ஏறினால் இளகும். தாவர நாரிலிருந்து செய்யும் கூட்டில் ஈரம் குறைவு, உங்கள் இரண்டு கவலையும் தீரும். போத்தலுக்குள் ஈரம் உறிஞ்சும் வெள்ளை சிலிக்கா மணிப்பொதி ஒன்று போடுங்கள். நீல நிற மணி வேண்டாம், அதில் நஞ்சான கோபால்ட் உப்பு இருக்கும்.

கற்றாழைக் களியைச் சோளத்தில் செய்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க நினைக்கிறேன். கடலில் விழுந்தாலும் கரைந்துவிடுமாம். (நிலாவெளி)

கரையாது. பிஎல்ஏ எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் உக்குவதற்குக் கிட்டத்தட்ட 58 பாகை வெப்பத்தைத் தொடர்ந்து தாங்கிப்பிடிக்கும் ஆலை வேண்டும். கடலில் அது மற்றப் பிளாஸ்டிக்கைப் போலத்தான் கிடக்கும், புறாத்தீவின் பவளப்பாறையில் போய்ச் சிக்கும். 55, 60 பாகையில் இளகியும் விடும் என்பதால், வெயிலில் மூடிக் கிடக்கும் வாகனத்துக்குள் கிண்ணம் கோணிப்போகலாம். கரும்பில் செய்த பொலித்தீனும் மூலப்பொருளில்தான் வேறு, உக்காது.

வெறும் சாராயப் போத்தலில் தலைக்கு வைக்கும் எண்ணெய் விற்கலாமா? (மூதூர்)

தேன் விற்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதானே! கண்ணாடி எண்ணெயோடு சேராது, கழுவினால் புதிது.

லேபலை ஊறவைத்து உரித்த பிறகு பசை பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போய்விடும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அடியில் துணி விரித்த பானையில் குளிர்ந்த தண்ணீரோடு வைத்துச் சூடேற்றுங்கள்; கொதித்தபின் பத்து நிமிடம். கொதிநீரில் திடீரென்று போட்டால் வெடிக்கும். பிறகு கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உலர வேண்டும். அந்தச் சொட்டில்தான் பூஞ்சணமும் கிருமியும் தொடங்கும். மூடியை மட்டும் புதிதாக வாங்குங்கள், பழைய வாடை அதன் உள்பட்டியில்தான் ஒளிந்திருக்கும். நிறமில்லாத போத்தலில் வெளிச்சம் பட்டு எண்ணெய் காறல் வாடை எடுக்கும். பழுப்புப் போத்தல் கிடைத்தால் அதற்கே முதலிடம்.

பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் சூடான எண்ணெயை மட்டும் ஊற்றாதீர்கள். 70 பாகை தாண்டினால் அது சுருங்கும்.

பத்து மில்லிலீற்றர் ஷம்பூவைச் சிறு பொதியாக விற்றால் ஏழைகளும் வாங்குவார்களே? (மூதூர்)

உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு உட்பட்ட பிளாஸ்டிக் பொதிகள் இலங்கையில் 2021 மார்ச் 31 முதல் தடை. கடையில் பெரிய கலன் வைத்து, கொண்டுவரும் போத்தலில் அளந்து ஊற்றுங்கள்.

மூங்கில் மூடி நல்லதா? (திருகோணமலை நகர்)

திருகிப் பாருங்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் மூடியேதான். மூங்கில் அதன்மேல் ஒட்டியிருக்கிறது, மாரியில் கறுப்புப் புள்ளியும் போடும். முக்கோணத்துக்குள் 5 என்று (பொலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கின் குறி) போட்ட சாதாரணத் திருகுமூடியை வாங்குங்கள், விலையும் குறைவு.