பதரின் சிரிப்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் மோசடி லிங்க் ஏதாவது வந்துவிட்டால் அன்று திருவிழாதான். 'உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது, உடணே தட்டவும்' என்று வந்ததை வைத்து ஒரு வாரம் ஓட்டினோம். எங்களில் ஒருவர் அதைத் தட்டிப் பணம் இழந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வாயே திறக்கவில்லை மனிதர். இனி இதை வைத்துச் சிரிக்கவே கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சிரிக்கலாம். ஆனால் அந்த 'உடணே'வைப் பார்த்து நீங்கள் சிரித்ததில் அனுப்பியவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் இருந்த கோர்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பணம் தருவதாக மெயில் அனுப்பி முன்பணம் கறக்கும் நைஜீரிய மோசடிக்காரர்கள், நைஜீரியா என்றாலே மோசடி என்று ஊருக்கே தெரிந்திருந்தும், ஏன் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாகவே சொல்கிறார்கள் என்பது கேள்வி. லட்சம் பேருக்கு மெயில் அனுப்பச் செலவே கிடையாது. பதில் போட்டவரிடம் நாள்கணக்கில் பேசிப் பணம்வரை கொண்டுவருவதுதான் பாடு. பாதியில் ஒருவர் சுதாரித்துக்கொண்டால் அத்தனை உழைப்பும் வீண். எனவே நம்பவே முடியாத கதையைச் சொல்லிவிட்டால், சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே கழன்றுகொள்வார்கள். எழுத்துப்பிழையும் பல சமயம் இதே வேலையைத்தான் செய்கிறது. (எல்லாமே திட்டம் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு நிஜமாகவே றன்னகரம் தகராறு.)

முறத்தில் புடைக்கும்போது பறந்துபோன பதர், தங்கிவிட்ட நெல்லைப் பார்த்துச் சிரித்த கதைதான் உங்கள் குழுவில் நடந்தது.

நானும் ஒருமுறை நெல்லாக இருந்தேன். 'இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?' என்று நண்பர் கணக்கிலிருந்து செய்தி. தட்டினேன். லாகின் பக்கம் வந்தது, நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசல். பாஸ்வேர்டை அடித்தேன். மறுநாள் அதே கேள்வி என் பெயரில் ஊருக்கெல்லாம் போயிருந்தது, என் பழைய பேராசிரியர் உட்பட. அவர், 'நான் இல்லையப்பா, நான் இன்னும் கொஞ்சம் ஒல்லி' என்று பதில் போட்டிருந்தார். இன்று சொல்லிச் சிரிக்கிறேன். அன்று இரண்டு நாள் போனையே தொடவில்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பதுகூட உறைக்கவில்லை, வெட்கம் அப்படி. அந்த இரண்டு நாளும் என் கணக்கு அந்த மோசடிக்காரன் கையில்தான் இருந்தது.

உங்கள் நண்பரும் அந்த ஒரு வாரம் அப்படித்தான் இருந்திருப்பார். வங்கிக்கு உடனே சொல்லியிருந்தால் பணத்தை வழியில் நிறுத்தவாவது வாய்ப்பு இருந்திருக்கும். அவரோ குழுவில் உங்கள் ஜோக்குகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, இது அவசரம். ஏமாந்தவர்களின் விவரம் கைமாறும். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள்' என்று அடுத்த ஆள் வருவான். யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்தான் அவனுக்கு வசதி. நண்பரிடம் இன்றே சொல்லிவையுங்கள். குழுவில் வேண்டாம், தனியாக.